தகரத்தில் வடிந்த பயம்

சாத்தூரிலிருந்து சிவகாசிக்குப் போகிற சாலையில், இரண்டு பக்கமும் கரிசலும் வேலிக்கருவேலுமாகக் கிடக்கிற இடத்தில் ஊசிப்பொட்டல் என்று ஓர் ஊர். அந்த ஊரில் யாரும் கதவைப் படாரென்று சாத்த மாட்டார்கள், குக்கர் வைத்தால் இரண்டாவது விசிலுக்கே இறக்கிவிடுவார்கள், கல்யாண வீட்டில் வேட்டுப் போட மாட்டார்கள், ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் காலை ஏழு மணி வண்டியில் ஏறிப் பட்டாசு ஆபீஸ் என்கிற பட்டாசுத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் அவர்கள் திரும்பி வருகிறவரைக்கும் வீட்டில் இருந்து பயப்படுகிறவர்கள்.

அந்த ஊரிலேயே அதிகமாகப் பயந்தவள் சீனியம்மாள். அவள் புருஷன் கூடலிங்கம் வெடிமருந்து கலக்குகிற அறையில் இருந்தான், மகள் தங்கமாரி பேன்சி வெடிக்குத் திரி ஏற்றுகிற அறையில் இருந்தாள். இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு, வீட்டுக்கு முன்னால் போட்ட தகரக் கொட்டகையில் அடுப்பை மூட்டி, கடலை மாவில் பூண்டும் வத்தலும் அரைத்துச் சேர்த்து, சீனியம்மாள் காரச்சேவு போடுவாள். அவள் போட்ட சேவை அவள் தின்றதில்லை, சட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்கு வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடும். எண்ணெய் கொதிக்கிற சத்தத்தில் வேறொரு சத்தம் தனக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று நடுநடுவே கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நிற்பாள், ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த ஈடு போடுவாள்.

பட்டாசு ஆபீஸில் போர்மேனாக இருந்த சுப்புராயலுவுக்கு நெஞ்சுவலி வந்து, மதுரையில் வைத்தியம் பார்த்துத் திரும்பியபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. டாக்டர் அவரிடம் எண்ணெய்ப் பண்டத்தைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். சுப்புராயலு கொட்டகை வாசலில் வந்து நின்று, "சீனியம்மா, உன் சேவு இல்லாம எனக்கு டீ இறங்கமாட்டேங்குது. எண்ணெய் மட்டும் இல்லாம ஒரு பிடி குடுத்தா நான் இன்னும் கொஞ்ச நாள் இருப்பேன்" என்றார்.

சீனியம்மாள் விருதுநகருக்குப் போனாள். அங்கே லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர், யாரோ கழித்துக் கட்டிய வாஷிங் மெஷினின் துவாரம் போட்ட உருளையை எடுத்து, ஒரு எவர்சில்வர் தொட்டிக்குள் நிறுத்தி, அடியில் மோட்டாரும் பக்கத்தில் எண்ணெய் வடிய ஒரு குழாயும் வைத்துக் கொடுத்தார். சூடான சேவை உருளையில் கொட்டி மூடியைப் போட்டு சுவிட்சைத் தட்டினால், உருளை சுற்றுகிற வேகத்தில் சேவில் ஒட்டியிருந்த எண்ணெய் சிதறித் தொட்டிச் சுவரில் அடித்து, வழிந்து, குழாய் வழியாகத் தகர டின்னில் சொட்டும். அவ்வளவுதான் அந்த மெஷின். முதல் நாள் வடிந்த எண்ணெய் பொன்னிறமாக இருந்தது. சேவைக் காகிதத்தில் வைத்தால் காகிதத்தில் கறை படவில்லை, வாயில் போட்டால் சருகு மாதிரி நொறுங்கியது, ஊரே வாங்கித் தின்றது.

மூன்றாவது நாள் மத்தியானம் சீனியம்மாள் அடுப்பை அணைத்து, மெஷினைக் கழுவித் துடைத்து, வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுற்றி வைத்துவிட்டுத் திரும்பினால், குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அது பொன்னிறமாக இல்லை, கலங்கிய டீத்தண்ணி நிறத்தில் இருந்தது, உச்சி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அது குளிர்ந்திருந்தது. விரல் நுனியால் தொட்டாள். தொட்டவுடன், தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டவள்போல வாசலுக்கு ஓடிச் சாலையைப் பார்த்தாள், சாலையில் ஒன்றும் இல்லை, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

வேலை முடிந்து வந்த கூடலிங்கத்திடம் காட்டினாள். அவன் சேவைக் கொறித்துக்கொண்டே டின்னுக்குள் கையை விட்டு எடுத்துப் பார்த்தான். "எண்ணெய்தான் சீனி. மெஷினுக்குள்ள எங்கயாவது தேங்கிக் கெடந்திருக்கும். எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான்.

அந்த வாரத்தில் ஊசிப்பொட்டலில் பயம் குறைய ஆரம்பித்தது. முதலில் அதை யாரும் பயம் குறைந்தது என்று சொல்லவில்லை, உடம்பு லேசாக இருக்கிறது என்றார்கள், எண்ணெய் இல்லாத பண்டம் தின்பதால் இருக்கும் என்றார்கள். மாமியார் இருமினாலே எழுந்து நிற்கிற மருமகள் ஒருத்தி உட்கார்ந்தபடியே, என்ன வேண்டும் என்று கேட்டாள். பல்லைப் பிடுங்கப் பயந்து இரண்டு வருஷம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலைந்த டீக்கடைக்காரர் சாத்தூருக்குப் போய் ஒரே மூச்சில் மூன்று பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தார். பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள், கீழே நின்ற தாய்மார்கள் அண்ணாந்து பார்த்துச் சாப்பிட வரச் சொன்னார்கள். சேவுத் தூள் தின்ற தெருநாய்கள் லாரிக்கு வழிவிட மறுத்து நடுச்சாலையில் படுத்தன. ஊர் எல்லையில் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிற கருப்பசாமிக்கு முன்னால் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து ஈர்வலியால் பேன் சீவினார்கள், பூசாரி அரிவாளைத் துடைத்து மறுபடி நிறுத்தி வைத்துப் பார்த்தார், ஒரு பிரயோசனமும் இல்லை. புளியமரத்தில் இருந்த பேய்கூடப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள், அந்த ஊர்க்காரர்களும் வந்து அதை ஒத்துக்கொண்டார்கள்.

ஊருக்குள் எவ்வளவு பயம் குறைந்ததோ அவ்வளவு எண்ணெய் சீனியம்மாளின் டின்னில் ஏறியது. மெஷின் ஓடினாலும் சொட்டியது, ஓடாவிட்டாலும் சொட்டியது. ஒரு டின் நிறைந்து இன்னொரு டின் வைத்தாள், அதுவும் நிறைந்து இன்னொன்று வைத்தாள், எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடினாள். குளிர்ஜுரம் கண்டவர்களின் பல் அடித்துக்கொள்வதுபோல டின்களின் மூடி எந்நேரமும் மெல்ல அடித்துக்கொண்டது. ஊரில் சேவு தின்னாதவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் அதை வேடிக்கையாகப் பேசினார்கள். "மதினி, உங்க மெஷின் நம்ம பயத்தையெல்லாம் பிழிஞ்சு எடுத்துருச்சாம்ல" என்பார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள்.

தீபாவளிச் சரக்குக்கு நாள் நெருங்கியபோது, ஊசிப்பொட்டல் ஆட்கள் கைவேகம் பிடித்ததைப் பட்டாசு ஆபீஸ் முதலாளி கவனித்தார், காரணத்தைக் கேட்டார், சேவு என்றார்கள். மறுநாளிலிருந்து எல்லா அறைக்கும் இரண்டு வேளை டீயோடு சீனியம்மாளின் சேவு போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவள் தயங்கி நின்றாள். சுப்புராயலு, "எதுக்கு யோசிக்க? இந்த வருஷம் மாதிரி ஒரு வருஷம் நான் பார்த்ததே இல்ல. ஒருத்தன் கைகூட நடுங்கல" என்றார்.

"நடுங்காமப் போனதுதான் எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி."

"நீ எப்பவுமே பயப்படுவே" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே கூடலிங்கம், மருந்து சலிக்கிற சல்லடை சிக்கிக்கொண்டதென்றும், கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து இரண்டு தட்டுத் தட்டியதில் சரியாகிவிட்டதென்றும் சொன்னான். இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று இருபது வருஷமாக அந்த அறைக்குள் அரைஞாண் கயிற்றில் ஒரு ஊக்குகூட இல்லாமல் போய்வந்தவன் அவன். சீனியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இரும்பாலயா தட்டுனீக?"

"ஆமா. மரச்சுத்தியலைத் தேடிக்கிட்டு இருக்க முடியுமா?"

தங்கமாரி சிரித்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது, மூன்று வருஷமாக அலுமினியப் பொடி ஏறி அவள் நகக்கண்கள் வெள்ளியாக மினுங்கும். யாராவது பெயர் கேட்டால்கூட அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிற பெண்ணாக இருந்தவள், இந்த ஒரு மாதத்தில் நிமிர்ந்து நடந்தாள், ஊரார் முகத்தைப் பார்த்துப் பேசினாள். அதைப் பார்க்கச் சீனியம்மாளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷத்தை நினைத்தும் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி வெயிலில், அந்தச் சத்தம் வந்தது.

சீனியம்மாள் சட்டியை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடினாள். முன்பெல்லாம் அந்தச் சத்தம் வந்தால், அடுப்பில் இருப்பது அடுப்பில் கருக, தொட்டிலில் இருப்பது தொட்டிலில் அழ, ஊரே வயிற்றில் அடித்துக்கொண்டு சாலைக்கு வந்துவிடும். இப்போது அவள் ஒருத்தியின் கால் சத்தம்தான் சாலையில் கேட்டது. வாசல்களில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள், "இன்னைக்கு எந்த ரூம்னு கேட்டுட்டு வா மதினி" என்றார்கள், மறுபடி குனிந்துகொண்டார்கள்.

ஆபீஸ் கேட்டில் காவலுக்கு யாரும் இல்லை. ஒன்பதாம் அறை இருந்த இடத்தில் புகை நின்றது, கூரையின் துண்டுகள் வேப்பமரத்தில் தொங்கின, பத்தாம் அறையிலும் எட்டாம் அறையிலும் ஆட்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். தங்கமாரி தன் அறை வாசலில் நின்று, கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். கூடலிங்கம் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வந்தவன் மனைவியைப் பார்த்தான்.

"ஒம்பதாம் ரூம். நம்ம சோலையப்பன்" என்றான்.

"எப்படி இருக்காரு?"

"இல்ல. அங்கேயே போயிட்டான்." குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்தான். "நீ ஏன் செருப்புப் போடாம வந்த? காலெல்லாம் கொப்புளமாயிருச்சு பாரு."

சீனியம்மாள் அந்த முகத்தில் தன் புருஷனைத் தேடினாள். அன்பு இருந்தது, கரிசனம் இருந்தது, அவை நிற்பதற்கு அடியில் ஒன்றும் இல்லை.

சோலையப்பனின் மனைவி செல்லத்தாயி அழுதாள், ஆனால் அந்த அழுகை பாறையில் பெய்த தூறல் மாதிரிச் சீக்கிரம் காய்ந்துவிட்டது. இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கு அவளே காபி ஊற்றினாள். "பதினாறு கழிஞ்சதும் அந்த ரூமைக் கட்டிருவாகளாம். நானே போறேன்னு சொல்லிட்டேன். கலவை எனக்கும் தெரியும்ல" என்றாள். கூடியிருந்தவர்கள், அதுவும் சரிதான் என்றார்கள். எரிந்துபோன ஓர் உடம்பு நடுவில் கிடக்க, அத்தனை பேரும் அமைதியாக, நிம்மதியாக, காபி குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த சீனியம்மாளுக்குத் தான் மட்டும் உயிரோடு ஒரு செத்த ஊருக்குள் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

அதற்குப் பிறகு அவள் மெஷினை ஓட்டவில்லை. ஆனால் போன பயம் திரும்பவில்லை, அது கட்டிலுக்கடியில் டின்டின்னாக இருந்து மூடியை அடித்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் யோசித்தாள். நான்காம் நாள், வெயில் ஏறிய நேரத்தில், ஒரு டின்னைத் திறந்து, அந்த எண்ணெயைச் சட்டியில் ஊற்றி, ஒரே ஒரு கை மாவைத் தேய்த்தாள். சேவு பொரிந்தது. அதை வடிக்காமல், எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு துண்டை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் போட்ட சேவைத் தின்றாள்.

தின்றவுடன் தரையில் உட்கார்ந்துவிட்டாள், பிறகு படுத்துவிட்டாள். ஊரின் பயமெல்லாம் அவளுக்குள் வந்தது. தனக்கு முன்னால் தன் மகன் போய்விடுவானோ என்ற பயம் வந்தது, அது பூசாரியுடையது. படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்ததோ என்ற பயம் வந்தது, அது டீக்கடைக்காரருடையது. தூங்கும்போது நெஞ்சு நின்றுவிடுமோ என்று விடிய விடிய நெஞ்சில் கையை வைத்துப் படுத்திருந்த பயம் சுப்புராயலுவுடையது. பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற முடியாத நாளைக் குறித்த பயம் செல்லத்தாயியுடையது. மருந்தை அள்ளும்போதெல்லாம் எட்டு அறை தள்ளி மகள் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து, தன் மூச்சே பொறியாகிவிடுமோ என்று மூச்சை மெல்ல விட்ட ஒரு பயம் வந்தது, அது தன் புருஷனுடையது என்று தெரிந்தபோது சீனியம்மாள் அழுதாள், இருபது வருஷத்தில் அவன் அதை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கடைசியாகத் தங்கமாரியின் பயம் வந்தது. அது நெருப்பைப் பற்றிய பயம் இல்லை. மதுரையில் ரத்தப் பரிசோதனைப் படிப்புக்கு ஒரு விண்ணப்பத் தாள் வாங்கி நிரப்பி வைத்திருந்தாள், இரண்டு தடவை சாத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கிறாள், இரண்டு தடவையும் மதுரை பஸ் கிளம்புகிறவரைக்கும் அதன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். தெரியாத தெரு, தெரியாத முகம், யாரிடம் எதைக் கேட்பது, கேட்டால் சிரிப்பார்களோ என்ற பயம். அந்தப் பயம் பெரிதாக இருந்தது, அது வெடி அறையின் பயத்தைவிடவும் பெரிதாக இருந்ததைத்தான் சீனியம்மாளால் தாங்க முடியவில்லை.

எழுந்து உட்காரச் சாயங்காலமாகிவிட்டது. கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் வேலை நடக்கும்போது கொடுக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கையில் மருந்து இருக்கும்போது பயம் திரும்பினால் கை நடுங்கும், நடுங்கினால் எல்லாம் போகும். அதனால் இருந்த மாவையெல்லாம் பிசைந்து, டின்டின்னாக அந்த எண்ணெயை ஊற்றிப் பொரித்து, பொட்டலம் கட்டினாள்.

காலையில் தங்கமாரி தலை சீவிக்கொண்டிருந்தபோது, சீனியம்மாள் அவள் துணிப்பையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"நீ இன்னைக்கு ஆபீஸ் வண்டியில ஏறாத. எட்டரைக்கு மதுரை வண்டி வரும், அதுல போ. உன் தாளும் உள்ள இருக்கு."

தங்கமாரி சீப்பைக் கீழே வைத்தாள். "தாளை எங்க பார்த்தே?"

"பார்த்தேன்."

தங்கமாரி சுவரோரம் அடுக்கியிருந்த பொட்டலங்களைப் பார்த்தாள். "எல்லாருக்கும் பயத்தைத் திருப்பிக் குடுக்கப்போறியாம்மா?"

"ஆமா."

"எனக்கு வேணாம்மா." அவள் குரலில் கெஞ்சல் இல்லை, கெஞ்சுவதற்கும் பயம் வேண்டும். "நான் மூச்சை முழுசா விட்டதே இந்த ஒரு மாசந்தான்."

"உனக்குக் குடுக்கல. அதனாலதான் போகச் சொல்றேன். இந்த ஊர்ல பயமில்லாம இருந்தா ஒருநாள் ஒம்பதாம் ரூம்தான். அங்க எப்படின்னு எனக்குத் தெரியாது தாயி. போய்ப் பாரு."

ஏழு மணிக்கு முன்னால் வண்டி நிற்கிற வேப்பமரத்தடிக்கு ஊர் வந்தது. சீனியம்மாள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொட்டலம் வைத்தாள். "இது வடிக்காத சேவு. நம்ம எண்ணெய்லயே போட்டது. என்ன செய்யும்னு உங்களுக்குத் தெரியும்" என்று ஒளிக்காமல் சொன்னாள். எதற்கும் பயப்படாதவர்கள் அதற்கும் பயப்படவில்லை, வாங்கித் தின்றார்கள். எண்ணெய் அவர்கள் உதட்டில் மினுங்கியது.

அவரவர் பயம் அவரவரைத் தேடிப் போனது. முதலில் ஒரு பெண் தன் கண்ணாடி வளையலைப் பார்த்து, அதை மெல்லக் கழற்றினாள். பிறகு ஒருவர் சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியைத் தொட்டுப் பார்த்து, பாம்பைத் தொட்டதுபோலத் தூர எறிந்தார். செல்லத்தாயி மண்ணில் உட்கார்ந்து, இரண்டு பிள்ளைகளையும் மடியில் அமுக்கிக்கொண்டு, ஐந்தாறு நாளுக்கு முன்னால் அழ வேண்டிய அழுகையை அப்போது அழுதாள், அந்தச் சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. கூடலிங்கம் வேப்பமரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சீனி, நான் இரும்பால தட்டிட்டேனே" என்றான்.

"ஆமா."

"ரெண்டு தட்டு."

"ஆமா. இருங்க. உக்காருங்க."

வண்டி வந்து நின்றது, ஒருவரும் ஏறவில்லை. சுப்புராயலு படிக்கட்டில் ஒரு காலை வைத்தவர் நெஞ்சில் கையை வைத்து அப்படியே இறங்கி, இன்றைக்கு ஆபீஸ் இல்லை என்று டிரைவரிடம் சொன்னார். வண்டி காலியாகத் திரும்பிப் போனது. பத்து நாள் அப்படித்தான் போனது. பிறகு வேறு வேலை இல்லாததால் ஒவ்வொருவராகப் போனார்கள், மரச்சுத்தியலால் தட்டினார்கள், வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். செல்லத்தாயி போகவில்லை. முதலாளி சேவு கேட்டு ஆள் அனுப்பியபோது சீனியம்மாள் சாதாரண எண்ணெயில் பொரித்து, வடிக்காத சேவு கொடுத்தனுப்பினாள், அதைத் தின்று யாருக்கும் பயம் போகவில்லை, அதோடு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

ஆனால் அந்த முதல் நாள் காலையில், ஊர் வேப்பமரத்தடியில் அழுதுகொண்டிருந்தபோதே, மதுரை பஸ் வந்தது. தங்கமாரி கையை நீட்டி நிறுத்தினாள். அப்பாவின் தோளைத் தொட்டாள், அம்மாவைப் பார்த்து, போய்ச் சேர்ந்ததும் பேசுவதாகச் சொன்னாள், ஏறினாள், நின்றுகொண்டிருந்த ஓர் ஆளிடம் நகர்ந்து நிற்கச் சொல்லி வழி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

எல்லோருக்கும் கொடுத்த பிறகு ஒரு பொட்டலம் மிச்சம் இருந்தது, தங்கமாரியின் பங்கு. அதைச் சாக்கடையில் கொட்டினால் யார் காலில் ஒட்டுமோ, எந்தப் பிள்ளையைப் பிடிக்குமோ என்று சீனியம்மாள் யோசித்தாள். பஸ் கண்ணுக்கு மறைந்ததும் பொட்டலத்தைப் பிரித்து, கடைசித் தூள்வரைக்கும் அவளே தின்றாள்.

பிறகு வீட்டுக்கு நடந்தாள். பிறந்து, வளர்ந்து, வாக்கப்பட்ட ஊர் அது, ஆனால் அந்தத் தெரு அவள் பார்த்திராத தெருவாக இருந்தது. எதிரில் வந்த டீக்கடைக்காரர், "என்ன மதினி, மக கெளம்பிட்டாளா?" என்றபோது அவர் யார், இதற்கு என்ன சொன்னால் சரியாக இருக்கும், சொன்னால் சிரிப்பாரோ என்று யோசித்துத் தலையைக் குனிந்துகொண்டாள். சுவரோரமாக, சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எந்தச் சந்தில் திரும்புவது என்று யாரையும் கேட்கத் தைரியமில்லாமல் மெல்ல மெல்ல நடந்தாள். இந்நேரம் மகள் எந்தக் கூட்டத்தில் நிற்கிறாளோ என்ற தன் பயமும், அந்தக் கூட்டத்தில் மகள் பட வேண்டியிருந்த பயமும் இரண்டு கையிலும் இரண்டு குடம்போல அவளை இழுத்தன. ஒரு கதவு தெரிந்த கதவு மாதிரி இருந்தது. அதன் முன்னால் நின்றாள். தட்டலாமா, உள்ளே யார் இருப்பார்கள், தட்டினால் என்ன கேட்பார்கள் என்று வெகுநேரம் நின்று, கடைசியில் ஒற்றை விரலால், கேட்டும் கேட்காததுமாகத் தன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.